தபால் பெட்டியில் அப்பா பெயர்

பாம்பனில் பிறந்த பிள்ளைக்குத் தன் பெயரைச் சொல்லிக்கொள்ள வேண்டிய அவசியம் அதிகம் வராது. மண்டபம் போனாலும் தங்கச்சிமடம் போனாலும் "நீ யாரு மக?" என்றுதான் கேட்பார்கள். அப்பா பெயரைச் சொன்னால் போதும். எந்த வல்லம், எந்தத் தெரு, யாருக்கு என்ன முறை என்பதையெல்லாம் கேட்டவர்களே சொல்லி முடித்துவிடுவார்கள். ஜெர்மனியில் கீல் நகரத்துக்குக் கடலியல் படிக்கப் போய் இறங்கிய அக்டோபரில், அந்தக் கேள்வி இல்லாததுதான் என்னை வாட்டியது. குளிரைப் பற்றி ஊரே எச்சரித்து அனுப்பியது. குளிருக்குக் கம்பளிச் சட்டை இருக்கிறது. ஒருவரும் நம்மை யாரென்று கேட்காத தெருவில் தினமும் நடப்பதற்கு என்ன இருக்கிறது?

அங்கே முதலில் கேட்பது முகவரியை. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். பதிவு இல்லையென்றால் பல வங்கிகள் கணக்குத் தொடங்குவதில்லை. விசாவுக்காக முன்கூட்டியே கட்டிவைக்கும் ஓராண்டுச் செலவுப் பணம் இப்போது 11,904 யூரோ, பத்து லட்சம் ரூபாய்க்கு மேல். அது மாதம் 992 யூரோவாகத்தான் கைக்கு வரும், அதுவும் வங்கிக் கணக்கு இருந்தால். அம்மாவின் நகையும் கல்விக் கடனும் சேர்ந்த பணம் அது. எங்கோ பத்திரமாக இருக்கிறது என்று தெரியும். ஆனால் ரொட்டி வாங்கக் கையிருப்பை எண்ணிப் பார்த்த நாட்கள் அவை. கீல் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லை என்பதை மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்பும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: முதல் இரண்டு மாதச் செலவுக்குத் தனியாகப் பணம் கொண்டுபோங்கள்.

கடலைப் பார்த்தாலாவது மனசு ஆறும் என்று போனேன். எங்கள் பாம்பன் பாலத்துக்கு வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல். ஒன்று அடங்கிக் கிடக்கும்போது மற்றது பொங்கும். பால்டிக் இரண்டிலும் சேராது. ஏற்றவற்றம் கண்ணுக்கே தெரியாது. உப்பும் குறைவு, கரையில் கருவாட்டு வாசமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடைகளெல்லாம் அடைத்துக் கிடந்த ஊரில் அந்தக் கடலோரம் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

காப்பீட்டு அட்டை, வங்கி அட்டை, அதன் ரகசிய எண், எல்லாம் தனித்தனித் தபாலில் வரவேண்டும். ஒன்றும் வரவில்லை. மாடியில் குடியிருந்த மூதாட்டி என்னைக் கீழே கூட்டிவந்து தபால் பெட்டி வரிசையைக் காட்டினார். அங்கே அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் இருக்கும் வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. பெட்டியிலும் அழைப்புமணியிலும் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயரைப் பார்த்துத்தான் தபால் போடுவார்கள். என் பெட்டியில் முன்பு இருந்தவர் பெயரே இருந்தது. மூதாட்டியே கத்தரிக்கோலும் ஒட்டுத்தாளும் எடுத்துவந்தார். கடவுச்சீட்டில் எனக்குக் குடும்பப் பெயர் என்று இருப்பது அப்பாவின் பெயர். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலருக்கும் அப்படித்தான். பெரிய எழுத்தில் அதை எழுதி, ஓரம் பிரியாமல் ஒட்டினேன். பள்ளிக்கூடத்துக்கு மேல் படிக்காமல் பதினைந்து வயதில் கடலுக்குப் போன மனிதரின் பெயர் அது.

அப்போது இன்னொரு பெயரும் நினைவுக்கு வந்தது. இராமநாதபுரத்தில் அப்துல் கலாம் படித்த பள்ளிக்கு ஸ்வார்ட்ஸ் என்பவரின் பெயர். ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழ் கற்றுக்கொண்டு 1750-இல் இங்கே கப்பலில் வந்திறங்கிய பாதிரியார் அவர். ஊர் திரும்பாமல் 1798-இல் தஞ்சாவூரிலேயே இறந்தார். அவர் வந்திறங்கிய முதல் வாரங்கள் எப்படி இருந்திருக்கும் என்று அந்தப் பெட்டி முன்னால் நின்றபோதுதான் நினைத்துப் பார்த்தேன். நாங்கள் சின்ன வயதிலிருந்து வாய்நிறையச் சொல்லிவந்த பெயரும் யாரோ ஒருவரின் அப்பா பெயர்தானே.

அடுத்த வாரம் தபால்கள் வந்தன. அலுவலகங்களில் என் முறை வரும்போது அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எழுந்து போகும்போது முதுகு நிமிர்ந்தது. அப்பாவிடம் போனில் சொன்னேன்.

"அப்ப அந்த ஊர்ல என்னையத்தான் கூப்புடுறாங்களா தாயி?" என்றார். பெட்டியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். மறுநாள் தெற்குவாடியில் மீன் ஏலம் முடிந்ததும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். அதை அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வல்லத்து மாமா போனை வாங்கினார்.

"அங்கிட்டு என்ன மீனு படுது?"

ஹெர்ரிங் என்று நம்ம மத்தி மாதிரி ஒன்று, காட் என்று ஒன்று. இரண்டும் குறைந்துபோய்விட்டதால் வருஷத்துக்கு இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் அளவு வைத்திருக்கிறது என்றேன்.

"அங்கயுமா?" என்றவர், நம் 61 நாள் தடைக்காலத்தையும் அதையும் ஒப்பிட்டுக் கேள்விமேல் கேள்வி கேட்டார். பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. வகுப்பில் கேட்டுச் சொல்கிறேன் மாமா என்று குறித்துக்கொண்டேன்.