வைத்திருப்பதா, விற்பதா?

பழைய மோட்டார் வண்டி ஒன்றைப் பேணி வருகிறவனை உலகம் இருவகையாகப் பார்க்கின்றது. வண்டி ஓடும்போது அவனை ரசிகன் என்கிறது. நடுவழியில் நின்றுவிட்டால் பைத்தியக்காரன் என்கிறது. இவ்விரண்டு பட்டங்களையும் ஒரே நாளிற் பெற்ற அனுபவம் எனக்குப் பலமுறை உண்டு. நம் கல்லூரியை விட்டு நீங்கிய பின்னர், கணித ஆசிரியனாக இங்கிலாந்து சென்று ஆக்ஸ்போர்டு மாவட்டத்திற் குடியேறி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. அவற்றுள் இருபத்தெட்டு ஆண்டுகள் என் வீட்டில் ஓர் அங்கமாக இருந்தது, 1971-ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் கார். இருவர் மட்டுமே அமரலாம். மேலே மடக்கி விடத்தக்க துணிக்கூரை. இதனை வைத்திருப்பதா, விற்பதா என்னும் வினா 2024-ஆம் ஆண்டில் எனக்கு எழுந்தது. ஆறு மாத காலம் அது என்னை உறங்கவொட்டாமற் செய்தது என்றால், நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைப்பிற்கு இடமிருந்தும், விஷயம் அத்துணை இலேசானதன்று.

எம்.ஜி. என்பவை மாரிஸ் காரேஜஸ் என்னும் பெயரின் முதலெழுத்துக்கள். ஆக்ஸ்போர்டு நகரிற் சைக்கிள் பழுதுபார்க்கும் தொழிலிலிருந்து பெருஞ்செல்வராய் உயர்ந்த வில்லியம் மாரிஸ் என்பவருக்கு உரிய விற்பனை நிலையம் அது. அதன் மேலாளராய் அமர்ந்த சிஸில் கிம்பர் என்பார், மாரிஸ் வண்டிகளின் அடிச்சட்டத்தின்மேல் வேறுவகை அழகிய உடல்களை அமைத்து விற்கத் தொடங்கியதே இக்குலத்தின் தோற்றம். 1929-ஆம் ஆண்டில் அருகேயுள்ள ஆபிங்டன் என்னும் ஊரிற் தொழிற்சாலை அமைந்தது. எம்.ஜி.பி. அங்கே 1962 முதல் 1980 வரை செய்யப்பட்டது; மூடுகூரை உடைய அதன் வகையையும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. 1980 அக்டோபரிற் தொழிற்சாலை மூடப்பட்டது. இன்று அப்பெயரைத் தாங்கி வரும் வண்டிகள் சீனக் கம்பெனி ஒன்றன் கைக்குச் சென்றபின் பிறந்தவை. 2019 முதல் நம் நாட்டிலும் விற்கப்படுகின்றன. பெயரைத் தவிர அவற்றுக்கும் என் வண்டிக்கும் யாதோர் உறவும் இல்லை.

ஆனால், நம் நாட்டு வீதிகளில் அதற்கு வேறோர் உறவு இருந்தது. அம்பாஸிடர் வண்டியை அறியாத தமிழர் யார்? அதுவும் மாரிஸ் குலத்திலே தோன்றியதுதான். மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் வண்டியின் மறுபிறப்பு. கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 2014 வரை அது செய்யப்பட்டது. நெடுங்காலம் அதில் அமைந்திருந்த 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் இயந்திரமும், என் வண்டியின் 1798 கன சென்டிமீட்டர் இயந்திரமும் ஒரே குடும்பத்துத் தம்பியும் தமையனுமாகும். 1996-ஆம் ஆண்டில், ஓய்வு பெற்ற சக ஆசிரியர் ஒருவர் தம் வண்டியை எனக்குக் காட்டி இயந்திரத்தை முடுக்கியபொழுது, வால்வுகள் தட்டும் அவ்வோசையைக் கேட்டதும், திருநெல்வேலியில் எங்கள் தெரு முனையில் நின்ற வாடகை வண்டிதான் நினைவுக்கு வந்தது. 3,200 பவுன் கொடுத்து வாங்கினேன்.

இனி அதன் குறும்புகளைச் சொல்லவேண்டும். தொட்டியிலிருந்து பெட்ரோலை இழுத்துத் தரும் மின்பம்பு வண்டியின் பின்புறத்தில் இருக்கின்றது. சாவியைத் திருப்பியதும் அது 'டிக் டிக்' என்று விரைந்து அடித்து, கார்புரேட்டர்கள் நிறைந்ததும் அடங்கும். அதனுள்ளே தொட்டும் விலகியும் மின்சாரத்தை விடுகிற இரண்டு சிறு முனைகள் கருகிவிட்டாலோ, பம்பு மௌனம் சாதிக்கும். அப்பொழுது இறங்கிச் சென்று மரச்சுத்தியால் மெல்லத் தட்டினால் மீண்டும் அடிக்கும். ஒருநாள் இரவு கொட்டும் மழையில், கோட்டும் கழுத்துப்பட்டியுமாகச் சாலையோரத்திற் குனிந்து நான் இங்ஙனம் தட்டிக்கொண்டிருந்தபொழுது, போலீஸ்காரர் ஒருவர் வந்து நின்றார். யாது செய்கிறீர் என்று அவர் கேட்கவில்லை. தம் தந்தையாரும் இப்படித்தான் தட்டுவார் என்று சொல்லி, கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பாட்டரியோ ஒன்றன்று; ஆறு வோல்ட் உடையன இரண்டு. அவை ஆசனங்களின் பின்னே தரைக்கு அடியில் ஒளிந்துகொண்டிருக்கும். கார்புரேட்டரும் இரண்டு. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுத்தாலன்றி இயந்திரம் நொண்டும். ஒரு ரப்பர்க் குழாயின் முனையைக் காதில் வைத்து, மறுமுனையை முதலில் ஒன்றன் வாயிலும் பின்னர் மற்றதன் வாயிலும் பிடித்து, 'உஸ்' என்னும் ஒலி இரண்டிலும் ஒத்திருக்கும்வரை திருகுகளை அசைத்தல் வேண்டும். என் மனைவி இளமையில் வீணை கற்றவள். அவளுடைய செவி என் செவியினும் நுட்பமானது. ஆதலால் குழாயை அவள் பிடிப்பாள். திருகை நான் பிடிப்பேன். "இடப்பக்கம் சற்று அதிகமாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் குறையுங்கள்" என்பாள். இருபத்தெட்டு ஆண்டுகளாக ஆண்டுதோறும் வசந்த காலத்தில் இக்கச்சேரி எங்கள் வீட்டில் நடந்து வந்தது.

பெட்ரோலும் காலத்துக்கேற்ப மாறிக்கொண்டே வந்தது. ஈயம் கலந்த பெட்ரோல் இங்கிலாந்தில் 2000-ஆம் ஆண்டோடு பொதுவிற்பனையிலிருந்து நீங்கியதால், புகைபோக்கும் வால்வுகளின் இருக்கைகளைக் கடின உலோகத்தால் மாற்றவேண்டி வந்தது. 2021 செப்டம்பரில் பத்துப் பங்குவரை எத்தனால் கலந்த பெட்ரோல் பொதுவழக்காயிற்று. எத்தனால் நீரை ஈர்க்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் அரிக்கும். ஆகவே குழாய்களையெல்லாம் மாற்றிவிட்டு, விலை மிகுந்த மற்றொரு வகைப் பெட்ரோலைத் தேடிப் போடலானேன்.

இவையெல்லாம் சில்லறைத் தொல்லைகள். உண்மையான பகை துருவேயாகும். கதவுகளின் கீழே, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே, நீண்ட இரும்புப் பெட்டி போன்ற பகுதி ஒன்று இருபுறமும் ஓடுகின்றது. இவ்வண்டிக்குத் தனியே அடிச்சட்டம் கிடையாது; மேலே நிலையான கூரையும் இல்லை. ஆகவே முதுகெலும்பின் வேலையை இவ்விரு பெட்டிகளே செய்கின்றன. மழைக்காலத்திலே சேறும், குளிர்காலத்தில் இந்நாட்டார் பனியுருகச் சாலையிலே தூவும் உப்பும், இவற்றினுள் புகுந்து உள்ளிருந்தே அரிக்கும். வெளியே வர்ணம் பளபளவென்றிருக்கும். உண்மையை அறிவதற்கு ஒரு வழி உண்டு: வண்டியின் ஒரு பக்கத்தை ஜாக்கியால் உயர்த்திக் கதவைத் திறக்க முயலவேண்டும். பெட்டி வலுவாயிருந்தால் கதவு எளிதிற் திறக்கும். உளுத்துப்போயிருந்தால் உடல் வளைந்து கதவு பிடித்துக்கொள்ளும். 2024 மார்ச்சு மாதத்தில் என் வண்டியின் கதவு பிடித்துக்கொண்டது.

நாற்பது ஆண்டு கடந்த வண்டிகளிற் பெரும்பாலானவற்றுக்கு, 2018 மே முதல், இங்கே ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. இச்சலுகையை நான் ஒருபொழுதும் மெச்சியதில்லை. சட்டம் விலக்களித்தாலும் துரு விலக்களிப்பதில்லை. ஆதலால் ஆண்டுதோறும் நானாகவே சோதனைக்குக் கொண்டுபோவேன். சோதித்தவர் உள்தகட்டை விரலால் அழுத்த, விரல் உள்ளே போயிற்று. என் கைக்கு வருமுன் எவரோ உளுத்த உள்தகட்டின்மேல் புதுத்தகட்டைப் போர்த்து மூடியிருந்தது அப்போதுதான் வெளிப்பட்டது. இருபுறமும் அறுத்தெடுத்து, புதிய தகடுகளைப் பற்றவைத்து, வர்ணம் பூச 7,400 பவுன் ஆகும் என்றார் தொழிலாளி. உள்ளபடியே விற்றால் 3,500 தருவதாக வியாபாரி ஒருவர் சொன்னார். செப்பனிட்ட நல்ல வண்டிக்கு எங்கள் பகுதியில் 9,000 கிடைத்தாற் பெரிது.

கணிதம் கற்பித்தவனுக்கு இதிற் குழப்பம் ஏது? செப்பனிட்டு விற்றால் 9,000-இல் 7,400 போக மிச்சம் 1,600. உள்ளபடியே விற்றால் 3,500. செப்பனிடுவதால் 1,900 பவுன் நஷ்டம். இதுகாறும் செலவழித்த பணத்தை இக்கணக்கிற் சேர்க்கலாகாது. அது எவ்வழியிலும் திரும்பாது. விலை ஏன் இவ்வளவு தாழ்ந்திருக்கின்றது என்பதும் ஒரு வேடிக்கை. இவ்வண்டிக்கு ஆணிமுதல் அனைத்தும் புதிதாகக் கிடைக்கும். பழைய அச்சுக்களை மீட்டெடுத்து முழு உடற்கூட்டையே 1988 முதல் மீண்டும் செய்து விற்கிறார்கள். எனவே அழியாமற் பிழைத்தவை ஏராளம். எதனால் வண்டியை வைத்திருத்தல் எளிதோ, அதனாலேயே அதன் விலை ஏறவில்லை.

ஆயினும் கணக்கு முடிந்த பின்னரும் மனம் முடியவில்லை. ஜூன் மாதக் காலையிற் கூரையை மடக்கிவிட்டு, உஃபிங்டன் குன்றின்மேல் வெட்டப்பட்ட வெண்குதிரையைக் கண்டு வருவோமே, அந்த இன்பத்துக்கு எந்த ஏட்டில் வரவு எழுதுவது? நண்பர் ஒருவர் நடுவழி ஒன்று சொன்னார்: விற்கவும் வேண்டா, செப்பனிடவும் வேண்டா, போர்வை போர்த்திக் கொட்டிலில் நிறுத்தி வையும், பார்க்கலாம் என்றார். கேட்பதற்கு இனிய இந்த யோசனையில் நான்கு மாதம் தங்கிவிட்டேன். பின்னர் ஒருநாள் போர்வையை நீக்கிப் பார்த்தேன். தடைத்தகடுகள் துருவேறிச் சக்கரத்தைப் பற்றிக்கொண்டிருந்தன. தொட்டியிலிருந்த பெட்ரோல் வார்னிஷ் நாற்றம் வீசியது. ஆசனத்தின் அடியில் எலி கூடு கட்டியிருந்தது. ஓடுகிற வண்டியைவிட நிற்கிற வண்டி விரைவில் அழிகின்றது. வைத்திருப்பது என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது, மெல்ல மெல்லக் கொல்வதேயன்றி வேறில்லை. ஆகவே, வைத்திருப்பதா, விற்பதா என்னும் வினாவே மாறிவிட்டது. இதனை இனி யார் செப்பனிட்டு ஓட்டுவார் என்பதுதான் வினா.

எனக்கு எழுபது வயது கடந்துவிட்டது. கட்டைவிரல் மூட்டுக்களில் வாதம். குளிர்ந்த சிமெண்டுத் தரையில் மல்லாந்து கிடந்து ஸ்பானரைத் திருகினால், மறுநாள் பேனா பிடிக்க முடிவதில்லை. எங்கள் மகனோ மின்சார வண்டி வைத்திருக்கிறான். "நன்றாகத்தான் இருக்கிறது, அப்பா" என்பான், அருங்காட்சியகத்திற் சிலையைப் பார்ப்பவன்போல.

வாங்க வந்தவர் இருவர். வியாபாரி ஐந்து நிமிஷம் வர்ணத்தைப் பார்த்தார். பெட்டியின்மேல் மறுபடியும் ஒரு தகடு போர்த்துவிட்டால் போதும் என்றார். மற்றவர், மோட்டார்ப் பட்டறையொன்றில் தொழில் பயிலும் இருபத்திரண்டு வயதுப் பெண். அவள் வர்ணத்தைப் பார்க்கவேயில்லை. காந்தத் துண்டு ஒன்றையும் திருப்புளி ஒன்றையும் கையில் எடுத்துக்கொண்டு நேரே வண்டியின் அடியில் நுழைந்தாள். அரைமணி கழித்து வெளியே வந்து, தன் கையில் 2,800 பவுன்தான் இருக்கின்றது, பற்றவைக்கும் வேலையைத் தானே செய்துகொள்வேன் என்றாள். பிறகு, கார்புரேட்டர்களை யார் சுருதி சேர்த்தது என்று கேட்டாள். நான் என் மனைவியைச் சுட்டிக் காட்டினேன்.

எழுநூறு பவுன் வித்தியாசம் ஓய்வூதியக்காரனுக்குச் சிறு தொகையன்று. அன்றிரவு மனைவியிடம் கேட்டேன்.

"எழுநூறு பவுன் இருந்தால் ஒருவர் ஊருக்குப் போய்வரலாமே" என்றாள் முதலில். சற்றுப் பொறுத்து, "அந்த வியாபாரி மூடி மறைத்து விற்றால், உள்ளே உளுத்திருப்பது தெரியாமல் எந்தப் பிள்ளையாவது நெடுஞ்சாலையில் ஓட்டும். இந்தப் பெண்ணுக்கே கொடுத்துவிடுங்கள். உங்கள் நோட்டுப் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுங்கள்" என்றாள்.

நோட்டுப் புத்தகம் என்றது, 1996 முதல் நான் எழுதிவந்த குறிப்பு. எந்த மாதம் எந்தக் குழாய் மாற்றியது, எந்தத் திருகு இடப்புறம் சுற்றினாற் கழலும், மழையில் எந்தக் கம்பி ஈரம் பிடிக்கும் என்பவையெல்லாம் அதில் உள்ளன. வியாபாரிக்கு அது குப்பை. அப்பெண்ணோ வண்டியைப் பார்ப்பதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தைவிட அதைப் படிக்க அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். எங்கள் சமையலறை மேஜையில் அமர்ந்து, தேநீர் ஆறிப்போகும்வரை படித்தாள்.

அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமையொன்றில் வண்டியை இழுவை வண்டியில் ஏற்றிச் சென்றாள். மாற்றுப் பம்பு ஒன்றையும் மரச்சுத்தியையும் பின்பெட்டியில் வைத்து அனுப்பினேன். பழைய தகட்டை அறுக்குமுன் கதவின் வாயில்களிற் குறுக்கே இரும்புக்கோல் வைத்துப் பற்றவைக்காவிட்டால், உடல் நடுவே மடிந்துவிடும். அதனை மறவாமற் செய்தாயா என்று நவம்பரில் எழுதிக் கேட்டேன். செய்ததாகப் பதிலும், படம் ஒன்றும் வந்தன. இரண்டு கோல்கள் வைத்திருக்கிறாள். நான் ஒன்றுதான் வைத்திருப்பேன். வசந்த காலத்தில் கார்புரேட்டர் சுருதி சேர்க்க அம்மையாரை அழைத்து வரவேண்டும் என்றும் எழுதியிருக்கிறாள். ரப்பர்க் குழாயை மட்டும் என் மனைவி கொடுக்கவில்லை. அது இன்னும் எங்கள் அலமாரியில் இருக்கிறது.