இறங்கக் கற்றுத்தருவது

பள்ளி மைதானத்தில் ஒரு பிள்ளைக்குக் கால் பிசகினால், 'விளையாட்டுன்னா அடிபடத்தான் செய்யும்' என்று சொல்லி, ஐஸ் வைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். உடற்கல்வி ஆசிரியர்களாகிய எங்களை விசில் ஊதுகிறவர்கள் என்று ஆசிரியர் அறையில் சொல்வதற்கும் இந்தப் பேச்சுக்கும் வேர் ஒன்றுதான். காயம் தற்செயல் என்றால் அதைத் தடுக்க ஒரு வித்தை இருக்க முடியாது. வித்தையே இல்லாதவரிடமிருந்து பீரியடை வாங்கிக் கணக்குப் பாடம் நடத்த யாருக்கும் கூச்சம் வராது. ஆனால் பிள்ளைகளுக்கு நேரும் காயங்களில் கணிசமானவை, எழுத்துக் கற்றுத்தருவதுபோலக் கற்றுத்தந்து தடுக்கக்கூடியவை. அதில் முதல் பாடம் ஓடுவதல்ல, குதிப்பதும் அல்ல, இறங்குவது.

ஸ்மாஷ் அடித்துவிட்டு இறங்கும்போதும், கோகோவில் கம்பத்தைச் சுற்றும்போதும், கபடியில் ரெய்டு போனவன் சட்டென்று காலூன்றித் திரும்பும்போதும் முட்டி உள்பக்கமாகச் சாய்கிறது. முட்டிக்குள் இருக்கும் முன்சிலுவைத் தசைநார் கிழிவது பெரும்பாலும் யாரும் மோதாமலேயே, இப்படிப்பட்ட ஒரு நொடியில்தான். பதின்வயதுப் பெண்பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். இதைத் தடுக்க, இறங்கும்போது முன்பாதம் முதலில் படவேண்டும், பிறகு குதிகால். முட்டி மடங்க வேண்டும், கால்விரல்களுக்கு நேராக நிற்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு காதால் கேட்டே திருத்தலாம்: 'பொத்'தென்ற சத்தம் வந்தால் தவறு. நின்ற இடத்தில் இரண்டு கால், பிறகு முன்னோக்கி, பிறகு ஒற்றைக் கால், பிறகு திரும்பிக்கொண்டு இறங்குவது என்று படிப்படியாக ஏற்ற வேண்டும். இதைச் சொல்வது எளிது. டிரில்லில் அழகாக இறங்கும் பிள்ளை, பந்து வந்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடும், கண் பந்தின்மேல் போய்விடுவதால். கால் தானாகச் செய்யும்வரை, வாரக்கணக்கில், பந்தோடும் எதிராளியோடும் திரும்பத் திரும்பப் பழக்க வேண்டியிருக்கிறது. எங்கள் தொழிலில் இதைவிடப் பிடிவாதமான சிக்கல் இல்லை. இதைவிடக் குறைவாக மதிக்கப்படும் உழைப்பும் இல்லை. பழக்கிவிட்டால் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுமில்லை: ஒரு பிள்ளை விழவில்லை, அவ்வளவுதான். அதற்குக் கேடயம் கிடையாது.

பழக்கினால் காயம் குறையும் என்பது வெறும் நம்பிக்கை அல்ல. 'ஃபிஃபா 11+' என்ற இருபது நிமிடப் பயிற்சியை நார்வேயில் 13 முதல் 17 வயதுவரையிலான 1,892 கால்பந்து வீராங்கனைகளை வைத்துச் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சி செய்த அணிகளில் மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், கடுமையான காயங்கள் ஏறத்தாழப் பாதியும் குறைந்திருந்தன. அதில் மெதுவோட்டம், ஒற்றைக்காலில் நிற்பது, தொடைவலுப் பயிற்சி, குதித்திறங்குவது போன்றவைதான் இருக்கின்றன. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. மாறாக, ஆஸ்திரேலியாவில் ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்து பயிற்சி பெற்ற 1,538 பேரிடம் நடந்த, 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், பயிற்சிக்கு முன் தசையை இழுத்துப் பிடித்து நிற்பது காயத்தைக் குறைத்ததாகத் தெரியவில்லை. இருந்தும் பல மைதானங்களில் இன்றைக்கும் வார்ம்-அப் என்றால் குனிந்து கால்விரலைத் தொடுவதுதான். புதிதாக வருகிறவர்களில் சிலர் அதையும் விட்டுவிட்டு, செல்பேசியில் ஒரு வீடியோவை ஓடவிட்டு வரிசையை ஆடச் சொல்கிறார்கள். வீடியோ எந்தப் பிள்ளையின் முட்டி உள்ளே சாய்கிறது என்று பார்க்காது.

இரண்டாவது, வளர்ச்சி. 14 வயதுக்குட்பட்டோர் பிரிவில் பிறப்புச் சான்றிதழைப் பார்க்கிறோம், எலும்பைப் பார்ப்பதில்லை. பெண்பிள்ளைகள் பெரும்பாலும் 12 வயதை ஒட்டியும், ஆண்பிள்ளைகள் 14ஐ ஒட்டியும் மடமடவென்று உயர்கிறார்கள். அந்த நாட்களில் சிலருக்கு முட்டிக்குக் கீழே புடைத்து வலிக்கும். ஆஸ்குட், ஷ்லாட்டர் என்ற இருவர் 1903இலேயே தனித்தனியாக விவரித்த நிலை அது. அதை 'சோம்பேறித்தனம்' என்று திட்டி ஓடவைப்பது தவறு. வலி தணியும்வரை குதிப்பதைக் குறைக்க வேண்டும். ஆனால் நன்றாக ஓடும் பிள்ளையைத்தான் நூறு மீட்டர், நீளம் தாண்டுதல், ரிலே, கோகோ என்று எல்லாவற்றிலும் சேர்க்கிறோம். கோடை முழுக்க வீட்டில் இருந்த கால் அது. ஜூனில் பள்ளி திறந்து சில வாரங்களிலேயே குறுவட்டப் போட்டி வந்து நிற்கிறது.

'நாங்கள் வெறுங்காலில் முள்காட்டில் ஓடினோம், ஒன்றும் ஆகவில்லையே' என்பார்கள். அந்தத் தலைமுறை நாள் முழுக்க மரமேறி, வரப்பில் நடந்து, கிணற்றில் குதித்து, கேட்காமலே இறங்கக் கற்றது. முட்டி போனவர்கள் ஆட்டத்தைவிட்டு ஒதுங்கினார்கள். அவர்களை யாரும் எண்ணவில்லை. 'அப்படியானால் விளையாட்டையே குறைத்துவிடலாம்' என்ற யோசனையோ இதைவிட ஆபத்து. 5 முதல் 17 வயதுவரை தினமும் சராசரியாக ஒரு மணிநேர உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உட்கார்ந்தே பழகிய உடல் ஆண்டுக்கொருமுறை விளையாட்டு விழாவில் ஓடும்போது எளிதில் அடிபடுகிறது. நாற்பது நிமிடத்தில் அறுபது பேரை எப்படிப் பார்ப்பது என்பது மட்டும் நியாயமான கேள்வி. இறங்கும் பயிற்சியைத் தனியாக வைக்காமல் நொண்டியிலும் பாண்டியிலும் நுழைக்கலாம். ஜோடியாக நிறுத்தி ஒருவர் முட்டியை மற்றவர் பார்க்கச் சொல்லலாம். பத்து நிமிடம் போதும். ஆனால் அந்தப் பத்து நிமிடம் வாரத்தில் இரண்டு மூன்று முறையாவது வரவேண்டும். அதற்கு பீரியட் எங்கள் கையில் இருக்க வேண்டும்.