நோட்டில் ஒட்டிய தீர்ப்பு

எங்கள் வீட்டில் பேப்பர் வந்ததும் முதல் பக்கம் அவருக்கு, விளையாட்டுப் பக்கம் பையனுக்கு. சாம்பார் கொதிக்கிற நேரத்தில் என் கைக்கு வந்து சேருவது கோர்ட் செய்திகள் இருக்கிற உள்பக்கம்தான். "வக்கீலுக்கா படிக்கப் போறே?" என்று அவர் கேலி செய்வார். நான் பத்தாவதோடு நின்றவள். ஆனாலும் பதினைந்து வருஷமாக, மனசில் பட்ட தீர்ப்புகளைக் கத்தரித்து ஒரு நீள நோட்டில் கோந்து போட்டு ஒட்டி வருகிறேன்.

அதில் என்னென்னவோ உண்டு. காசு வாங்கிக்கொண்டு செய்கிற வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று சுப்ரீம் கோர்ட் 1995-ல் சொன்னதைப் பற்றிய கட்டுரை. விபத்தில் இறந்த இல்லத்தரசிக்கு நஷ்டஈடு கணக்கிடும்போது அவள் செய்த வீட்டு வேலைக்கும் மதிப்புப் போட வேண்டும் என்ற 2021 தீர்ப்பு. கணவன் வெளிநாட்டில் சம்பாதித்தான். இங்கே குடும்பத்தைக் கட்டிக் காத்த மனைவிக்கும் அந்தச் சொத்தில் சம பங்கு உண்டு என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. இதை மட்டும் அவருக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன்!

ஆனால் இதே நோட்டால் ஒரு தப்பும் நடந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இன்று பேனாவை எடுத்தேன்.

என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா, 1986-ல் கல்யாணமானவள். தமிழ்நாட்டில் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்த 1989 சட்டம், அந்த வருஷம் மார்ச் 25-க்கு முன்பே மணமானவர்களைச் சேர்க்கவில்லை. பிறகு 2005 செப்டம்பர் 9-ல் மத்திய சட்டம் மாறியது. மகனைப் போல மகளும் பங்காளி, மணமானாலும் சரி. ஆனால் பெரியப்பா 2001-லேயே போய்விட்டார். பெரியம்மா அதற்கும் முன்னால். உயில் கிடையாது. தாத்தா காலத்து நிலம் மூன்று ஏக்கர். அண்ணன், தம்பி, நடுவில் அக்கா.

2016 பொங்கலுக்கு வந்தவள் கேட்டாள்: "விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து கேக்கறாங்க. நீதான் கோர்ட் சமாசாரமெல்லாம் படிக்கிறியே, எனக்குப் பங்கு உண்டாடி?"

நான் நோட்டைப் புரட்டினேன். 2015 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் சொன்னது புத்தம் புதுசாய் ஒட்டியிருந்தது. 2005-ல் அந்தத் தேதியன்று தகப்பனார் உயிரோடிருந்தால்தான் மகளுக்கு அந்த உரிமை. "இல்லேக்கா" என்று, ஏதோ நானே ஜட்ஜ் மாதிரி, சொல்லிவிட்டேன். அக்கா கையெழுத்துப் போட்டாள். ஒரு பட்டுப் புடவையும் ஐம்பதாயிரமும் கொடுத்தார்கள். வரும்போது எனக்குப் பத்துத் தேங்காய் கொண்டுவந்தாள்.

2018 பிப்ரவரியில் இன்னொரு தீர்ப்பு. கர்நாடகத்துக் குடும்பம். அந்தத் தகப்பனாரும் 2001-ல்தான் இறந்தவர். பெண்களுக்குப் பங்கு கொடுத்துவிட்டார்கள்! கத்தரிக்கோல் கையிலேயே நின்றது. அதே சுப்ரீம் கோர்ட், இங்கேயும் இரண்டு நீதிபதிகள், அங்கேயும் இரண்டு நீதிபதிகள். எதைத்தான் நம்புவது? 2020 ஆகஸ்ட் 11-ல் மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து தீர்த்தார்கள். மகளின் உரிமை பிறப்பால் வருவது, 2005-ல் தகப்பன் உயிரோடிருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாகப் பதிவு செய்து முடிந்த பாகப்பிரிவினையை மட்டும் கிளறக் கூடாது. என் 2015 துண்டு செல்லாக்காசு ஆயிற்று.

எனக்கு ராத்திரி தூக்கம் இல்லை. கடைசியில் ஒருநாள் கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். (பெண்கள் என்றால் வருமானம் பார்க்காமல் இலவசமாக உதவ வேண்டும் என்று 1987 சட்டமே இருக்கிறது. அதுவும் நோட்டில் இருந்ததுதான், அன்றைக்கு நினைவு வரவில்லை!) அங்கிருந்த வக்கீலம்மா ஒரு தாளில் கணக்குப் போட்டார்.

"2015 தீர்ப்புப்படியே பார்த்தாலும் ஒண்ணும் இல்லேன்னு யாரும்மா சொன்னது? அப்பா பங்கு ஒரு ஏக்கர். அதுல மகளுக்கும் மூணுல ஒண்ணு, 1956 சட்டத்துலயே உண்டு. 33 சென்ட். இப்போ 2020 கணக்குப்படி ஒரு முழு ஏக்கர்."

"பத்திரம் எழுதிக் கொடுத்துட்டாளே?"

"சம்மதிச்சுப் பதிவு பண்ணினது. சட்டம் மாறிடுச்சுன்னு அதைத் திருப்ப முடியாதும்மா."

பேப்பரில் வந்தது பொய்யில்லை. அது ஒரு கேள்விக்கு மட்டும் பதில். அக்கா கேட்டதோ வேறு கேள்வி. அரைப் பக்கச் செய்தியில் அந்த வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. இப்போது ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் தேதி, எந்தக் கோர்ட், எத்தனை நீதிபதிகள் என்று எழுதி, பின்னால் வருவதை ஒட்ட இடமும் விடுகிறேன்.

அக்காவிடம் நேரில் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "நான் கேட்டேன், நீ சொன்னே. விடு" என்றாள். காபி கலக்க எழுந்தவள் வாசற்படியில் நின்று, "ஒரு ஏக்கராடி?" என்று மறுபடி கேட்டாள்.

போன மாசம் அவளே போன் செய்தாள். சின்ன மகளிடம் ஏதோ பத்திரத்தில் கையெழுத்து கேட்கிறார்களாம். "நீ நோட்டைப் பாக்காதே. அந்த வக்கீலம்மா என்னிக்கு இருப்பாங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லு."