அடுப்படியில் கற்ற பாடம்

பால் என்றால் பொங்க வேண்டும் என்பது நம் வழக்கம். பொங்கி எழும்வரை நம் இல்லத்தரசியர்க்கு மனம் அமைவதில்லை. ஆனால் பொங்கவே கூடாத பாலையும் நாம் ஒருமுறை கண்டோம். அதன் அடுப்பருகே நாம் செய்த பிழையை இங்கு எழுதப் புகுகின்றோம்.

1999-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் ஃபிரிபூர் நகரில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தோம். கோடை விடுமுறையில், உடன்பயின்ற குருவானவர் ஒருவர், குருயேர் மலைப்பகுதியில் இருந்த தம் பெரியப்பாவின் மேய்ச்சல் குடிசைக்கு நம்மை அழைத்துச் சென்றார். கோடையில் பசுக்களை மலைமேல் ஓட்டிச் சென்று, அங்கேயே கறந்து, அங்கேயே பாலாடைக்கட்டி செய்வது அம்மக்களின் மரபு.

குடிசையினுள் விறகடுப்பு. அதன்மேல், சுழலும் மரக்கையொன்றில் பெரியதொரு செப்புக் கொப்பரை தொங்கிற்று. செம்பு வெப்பத்தை ஒரே சீராய்ப் பரப்பும் அல்லவா? அதனுள் மாலைப்பாலும் காலைப்பாலுமாகச் சுமார் 400 லிட்டர். அத்தனையும் சேர்ந்து தருவது ஏறத்தாழ 35 கிலோ எடையுள்ள ஒரே வட்டப் பாளம்.

பெரியவர் பாலை 32 டிகிரி வரை மட்டும் சூடாக்கி, கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறையை ஊற்றினார். கொதித்த பால் இவ்வுறைக்கு நன்கு இறுகாது. இறுகிய பாலை யாழ் போன்ற கம்பிச் சட்டத்தால் கோதுமை மணியளவாய் அறுத்தார். இனி விடாது கிளறிக்கொண்டே, முக்கால் மணி நேரத்தில் 57 டிகிரிக்கு மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். விறகிடும் பணியை நம்மிடம் ஒப்படைத்தார்.

விரைவில் முடிந்தால் நல்லதுதானே என்றெண்ணி, காய்ந்த கட்டைகள் நான்கை ஒருசேரத் திணித்தோம். தீ கொழுந்துவிட்டது. வெப்பமானியை நோக்கிய பெரியவர், ஒரு சொல்லும் சொல்லாமல் மரக்கையைப் பற்றித் தள்ளினார். கொப்பரை தீயை விட்டு விலகி நின்றது. அவரது மறு கையோ கிளறுவதை நிறுத்தவில்லை. நமக்கு வியர்த்தது. ஒரு நாள் முழுவதும் அக்குடும்பம் பாடுபட்ட பலனல்லவா அது!

சற்றுப் பொறுத்து அவர் விளக்கினார்: “தந்தையே, சூடு விரைந்தேறினால் மணிகளின் மேற்புறம் தோல்போல் இறுகிவிடும். உள்ளிருக்கும் நீர் வெளியேற வழியிராது. இன்று பார்த்தால் குறை தெரியாது. மாதங்கள் சென்றபின் உள்ளே புளித்துக் காட்டிக்கொடுக்கும்.”

பின்னர் தாமே சிறு விறகுகளை ஒவ்வொன்றாய் இட்டார். இறுதியில் ஒரு பிடி மணிகளைக் கையில் அழுத்தி, விரலால் தேய்த்துப் பார்த்தார். அவை உதிர்ந்தன. தலையசைத்து, துணியில் அள்ளி வடித்தார். மறு ஆண்டு பாஸ்கா விழாவின்போது அப்பாளத்தின் துண்டொன்று நம் அறைக்கு வந்தது. சுவையில் குறையில்லை. கொப்பரை உரிய நேரத்தில் விலகியிருந்தது.

தாயகம் திரும்பிய பின், பங்குப்பணியின் தொடக்க நாள்களில், பாடம் ஒப்புவிக்காத சிறுவன் ஒருவனை அனைவர் முன்னிலையிலும் கடிந்துகொண்டோம். அவன் தலையைக் குனிந்து, மறுமொழியின்றிக் கேட்டான். திருந்திவிட்டான் என்று மகிழ்ந்தோம். இரண்டு மாதங்களுக்குப் பின் அவன் வகுப்பிற்கு வருவதையே நிறுத்திவிட்டான். அவன் வீட்டுத் திண்ணையில் சென்று அமர்ந்தபோதுதான், தந்தை வேலையிழந்த குடும்பத்தில் அவன் விடியுமுன் எழுந்து பால் ஊற்றி வந்ததை அறிந்தோம். உள்ளே நிறைந்திருந்த துயரம் வெளிவர நாம் வழிவிடவில்லை.

அவன் மீண்டும் வந்தான். ஆனால் மாதங்கள் பல ஆயின. இன்றும் நமக்குச் சினம் மூளும்போது அந்த மரக்கை நினைவுக்கு வருகின்றது. தீயை அணைக்க இயலாவிடினும், கொப்பரையைச் சற்று விலக்கி வைக்க இயலுமே.