அம்மாவின் ஆர்க்கிட்டும் என் பிளாஸ்டிக் தொட்டியும்

ஒரு செடியைக் கொன்ற கதையை இன்று சொல்லப் போகிறேன். கொன்றது நான்தான்.

எங்கள் ஊர் நடுவட்டம். ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில், மலை கீழே இறங்கத் தொடங்கும் இடம். தென்மேற்குப் பருவமழை நேராக வந்து மோதும் விளிம்பு. ஜூலையில் துவைத்த துணி காய ஒரு வாரம் ஆகும். அடுப்படியில் கயிறு கட்டித்தான் உலர்த்துவோம்.

அப்படி ஒரு ஜூலைக் காற்றில் எங்கள் வாசலில் நின்ற பழைய மரம் சாய்ந்தது. அதன் கிளையில், பாசியோடு பாசியாக ஒரு ஆர்க்கிட். நெல்லிக்காய் அளவில் பச்சைக் குமிழ்கள், ஒவ்வொன்றின் தலையிலும் இரண்டு இலைகள். "பாவம், இதுக்கும் வீடு போச்சு" என்று அம்மா எடுத்து வந்து, மண் நிரப்பிய சட்டியில் நட்டார். பதினைந்தே நாளில் இரண்டு குமிழ்கள் அழுகின.

காரணம் பிறகுதான் தெரிந்தது. மரத்தில் வாழும் ஆர்க்கிட்டின் வேர் மண்ணுக்குள் இருக்கப் பிறந்ததல்ல. அதன் மேல் வேலமன் என்று பஞ்சு போன்ற ஓர் உறை உண்டு. மழை பட்டதும் உறிஞ்சிக்கொள்ளும். அதன்பின் அதற்குக் காற்று வேண்டும். ஈர மண்ணில் புதைத்தால் மூச்சு முட்டிப் போகும்.

அம்மா வேறு சட்டியில் பக்கவாட்டில் துளை போடப் பார்த்தார். இரண்டு சட்டி உடைந்தது, மூன்றாவது பிழைத்தது! உள்ளே ஓட்டாஞ்சில்லு, அடுப்புக் கரி, தேங்காய் மட்டைத் துண்டு, மேலே கொஞ்சம் பாசி. அவ்வளவுதான். அடுத்த மழையில் வெள்ளைப் பூ பூத்தது. நடுவில் மஞ்சளும் பழுப்புமாக ஒரு தீற்றல். படத்தைப் பார்த்த எங்கள் தாவரவியல் பேராசிரியர், "சீலோஜினி இனம், உங்க மலைச் செடிதான்" என்றார்.

மண்சட்டி ஏன் நல்லது? பானைத் தண்ணீர் குடித்த எல்லோருக்கும் விடை தெரியும். சுவரில் கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஆனால் இதில் ஒரு சங்கதி உண்டு. காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கும் ஜூலையில் எதுவும் ஆவியாகாது, சட்டியும் குளிராது. அப்போது சட்டியின் வேலை, துளை வழியே வேருக்குக் காற்று விடுவது மட்டும்தான். பிப்ரவரி, மார்ச்சில் வறண்ட காற்று அடிக்கும்போது அதே சட்டி வேரைக் குளிர்விக்கும். ஆனால் செடிக்கு ஊற்றிய தண்ணீரில் பாதியைத் தானே குடித்துவிடும்.

இயற்பியல் படிக்காத என் அம்மா இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறார்: "கொடியில துணி காயலைன்னா சட்டிக்குத் தண்ணி வேணாம். துணி மொடமொடன்னு காஞ்சா ரெண்டு வேளை ஊத்து." இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது.

நான் கோயம்புத்தூருக்குப் படிக்கக் கிளம்பியபோது அம்மா அந்தக் கொத்தைப் பிரித்து நாலு குமிழ்களை என்னிடம் கொடுத்தார். "வீட்டு ஞாபகமா வச்சுக்கோ." பேருந்தில் சட்டி உடைந்துவிடும் என்று நான் அதைப் பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றிக் கொண்டுபோனேன். விடுதி மாடியில் வைத்தேன். மார்ச் வந்தது. செடி வாட வாட இன்னும் தண்ணீர் ஊற்றினேன். சுவரில் ஆவியாக வழியில்லாத தொட்டிக்குள் தண்ணீர் சூடேறி நின்றது. பதறிப்போய் மண்சட்டிக்கு மாற்றினேன். அதற்குள் தாமதம்.

சரியான நேரத்தில் மாற்றியிருந்தாலும் பிழைத்திருக்குமா? சந்தேகம்தான். வெப்பமானியின் முனையில் ஈரத்துணி சுற்றினால் அது காட்டும் அளவுக்குக் கீழே எந்தப் பானையும் குளிராது. அதோடு, சட்டி வேரைத்தான் குளிர்விக்கும், இலையை அல்ல. மலைச் செடிக்குக் குளிர்ந்த இரவு வேண்டும். பகலில் சேர்த்த உணவைச் சூடான இரவு மூச்சுவிட்டே கரைத்துவிடும். நடுவட்டத்தில் ஏப்ரலிலும் இரவில் கம்பளி தேவை. கோவையில் மின்விசிறி நின்றால் தூக்கம் போச்சு.

இந்தத் தவறைப் பெரிய ஆட்களும் செய்திருக்கிறார்கள். வெப்ப நாட்டுச் செடி என்றாலே சூடு வேண்டும் என்று நினைத்து, இங்கிலாந்தில் குளிர்ந்த மலைகளின் ஆர்க்கிட்டுகளையும் நீராவிச் சூட்டுக் கண்ணாடி வீடுகளில் அடைத்துச் சாகடித்தார்கள். 1860-களில் ஜேம்ஸ் பேட்மன் போன்றவர்கள்தான் 'குளிர்ச்சியாக வளருங்கள்' என்று எழுதினார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே 1860-களில்தான் ஆண்டிஸ் மலையின் சின்கோனா மரத்தை நீலகிரிக்குக் கொண்டுவந்தார்கள். மலேரியாவுக்கு மருந்தான குயினைன் அதன் பட்டையிலிருந்து கிடைப்பது. எங்கள் ஊரிலேயே அதற்குத் தோட்டமும் பிறகு தொழிற்சாலையும் இருந்தன. மரத்துக்கு மட்டும் அதன் மலையைப் போலவே இன்னொரு மலையைத் தேடியிருக்கிறார்கள்!

செடி செத்த பிறகும் மூன்று வாரம் போனில் "நல்லா இருக்கும்மா" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் முடியாமல் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "நீயே அங்க வாடிப் போயிருக்கே, அது என்ன பண்ணும்?" என்றார். தெரிந்தேதான் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

ஒரு வேண்டுகோள். எங்கள் பக்கம் சுற்றுலா வரும்போது சோலையில் ஆர்க்கிட்டைப் பார்த்தால் பறிக்காதீர்கள். அதன் விதை தூசி மாதிரி. உள்ளே உணவே கிடையாது. தகுந்த பூஞ்சை சேர்ந்தால்தான் முளைக்கும், பூக்கப் பல வருடம் ஆகும். நீங்கள் கொண்டுபோகும் சட்டிக்குள் எங்கள் மலை வராது. கிட்டத்தில் பார்க்க ஆசை என்றால் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது.

என் அறையில் இப்போது ஒரு மண்பானை மட்டும் உண்டு, குடிதண்ணீருக்கு. போன மழையில் அம்மா போன் செய்தார்: "பதினோரு பூ விட்டிருக்குடா. துணிதான் காயல."