தவளைக்கும் குளிருமோ?

மார்கழி இரவொன்றில், அம்பத்தூரிலுள்ள நம் இல்லத்தில், பேரன் வளர்க்கும் தென்னமெரிக்கக் கொம்புத் தவளை அசைவற்றுக் கிடந்தது. "குளிருது நன்னா" என்றவன், கண்ணாடித் தொட்டியின் மேல் 60 வாட் விளக்கொன்றைத் தொங்கவிட்டான். பரிவுதானே என்று நாமும் வாளாவிருந்தோம். சுபுஹுக்கு எழுந்து பார்த்தால், அதன் தோல் வறண்டு சுருங்கியிருந்தது!

தவளை வாயால் நீர் பருகுவதில்லை, தோலால் உறிஞ்சுகிறது. மூச்சிலும் ஒரு பங்கு அவ்வீரத்தோலின் வழியேதான். மருந்துக்காகவும் தவளையைக் கொல்லலாகாதென நபிகள் நாயகம் (ஸல்) தடுத்த செய்தி அபூதாவூதில் உண்டு. அதைப் பாடம் நடத்திய நம் கண்ணெதிரேயே ஒன்று மாண்டிருக்கும். ஆழமற்ற நீரில் இட்டபின், நண்பகலில் தேறிற்று.

இப்போது சூடேற்றும் தகடு, தொட்டிக்கு வெளியே ஒரு பக்கச் சுவரில் மட்டும். அடியில் வைத்தலாகாது, சூடு மிகுந்தால் மண்ணைத் தோண்டிக் கீழிறங்குவது அதன் இயல்பு, தப்ப எண்ணித் தகட்டையே அணுகிவிடும். 27 பாகையில் தானே அணைக்கும் தெர்மோஸ்டாட்டும் உண்டு. மறுபக்கம் குளிர்ந்திருப்பதால், வேண்டிய இடத்தில் அமர்ந்துகொள்கிறது.

நம் ஊர்க் குளிருக்கு இத்தனையும் வேண்டுமா என்பது வேறு. ஆண்டில் பெரும்பகுதி அத்தகடு அணைந்தே கிடக்கிறது; சித்திரையில் பேரன் தேடுவது தொட்டிக்கு நிழலை.