கொம்புத்தேனும் சக்கர நாற்காலியும்

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் இருப்புப்பாதை சோலையார்பேட்டையைக் கடந்தபின் ஆந்திரத்தின் ஒரு முனைக்குள் நுழைந்து, குப்பத்தைத் தொட்டு, கர்நாடகத்துக்குள் புகுகிறது. தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே கடைத்தெருவில் புழங்கும் ஊர் குப்பம். 1997-இல் திராவிடப் பல்கலைக்கழகம் இங்கு நிறுவப்பட்டது பொருத்தமே. இப்பாதை இணைக்கும் இரு நகரங்களில், அதே மூன்று மொழிகளின் நிழலில் உருவானது ஒரு விளையாட்டு வாழ்க்கை. அதற்குரியவர் மாலதி கிருஷ்ணமூர்த்தி ஹொள்ளா.

1958-இல் பிறந்த மாலதியை ஒரு வயதிலேயே கடுங்காய்ச்சல் தாக்கி, உடலைச் செயலிழக்கச் செய்தது. தந்தை பெங்களூருவில் சிறிய உணவகம் நடத்தியவர். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அளிக்கப்பட்ட மின்னதிர்ச்சிச் சிகிச்சையால் இடுப்புக்கு மேற்பட்ட பகுதி வலுப்பெற்றது, கீழ்ப்பகுதி வலுப்பெறவில்லை. பின்னர்க் குழந்தை சென்னைக்கு அனுப்பப்பட்டது. துர்காபாய் தேஷ்முக் தோற்றுவித்த ஆந்திர மகிளா சபாவின் எலும்பு முறிவு, மூட்டு மருத்துவ மையத்தில் ஏறத்தாழ 15 ஆண்டுகள் கழிந்தன. முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகளை அவ்வுடல் தாங்கியது. கன்னடச் சிறுமி ஒருத்தி, தெலுங்குப் பெண்கள் அமைப்பின் அரவணைப்பில், தமிழ் நகரத்தில் வளர்ந்தாள் என்பதைக் குப்பத்துக்காரர்கள் எளிதில் விளங்கிக்கொள்வர்.

கொல்லையில் உதிரும் மாம்பழத்தை மற்றவர்களை முந்தி ஓடிச்சென்று எடுக்கவேண்டும் என்பதே தம் இளமைக்கால ஆசை என்று மாலதி பின்னாளில் கூறியிருக்கிறார். இவ்விடத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு பழமொழி நினைவுக்கு வராமல் இராது: முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்டது போல. தேன் உயரத்தில் இருப்பதை இப்பழமொழி குறையாகக் காணவில்லை. ஏணி இல்லாததைக் கேள்வி கேட்கவில்லை. ஆசைப்பட்டவனைப் பார்த்துச் சிரிக்கிறது. இயலாமையை உடலில் வைத்துவிட்டால் உலகம் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை என்னும் வசதி அச்சிரிப்பில் ஒளிந்திருக்கிறது.

தமிழ் எப்போதும் இப்படிச் சிரித்ததில்லை. ஐயூர் முடவனார், உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் என்னும் புலவர்களின் பெயர்களில் அச்சொல் இழிவின்றி நிற்கிறது. புறநானூற்றின் 399-ஆம் பாடலில் ஐயூர் முடவனார் தாமான் தோன்றிக்கோனிடம் வண்டியிழுக்க ஒரு பகடு கேட்கிறார். அவன் ஊர்தியோடு வழங்குகிறான். நடக்க இயலாத புலவர் கேட்டது பரிவன்று, போக்குவரத்து. புரவலனும் அவருடைய மனவுறுதியைப் புகழ்ந்து நின்றுவிடாமல் வண்டியைக் கொடுத்தான்.

முடம், முடங்கு, முடக்கு ஆகிய சொற்கள் வளைதல் என்னும் ஒரே அடிப்பொருளிலிருந்து கிளைத்தவை. ஆகவே, ‘சக்கர நாற்காலியில் முடங்கினார்’ என்று செய்தித்தாள் எழுதும்போது, பழைய சொல் வினையாக மாறித் திரும்பி வந்துவிடுகிறது. ஆனால் நாற்காலி முடக்குவதில்லை. அது இல்லாமற் போவதே முடக்குகிறது. ஓட்டப்பந்தயத்துக்குரிய நாற்காலி மூன்று சக்கரங்களுடன் தாழ்வாக அமைந்து, கைகளின் உந்துதலில் விரைகிறது. குண்டு, வட்டு, ஈட்டி எறிவதற்கான இருக்கையோ தரையோடு அசையாமல் பிணைக்கப்படுகிறது. கால்கள் தரும் விசை அங்கு இல்லை. தோளும் கையும் உடலின் மேற்பகுதியும் முழு வேலையையும் ஏற்கின்றன. ஓரிடத்தில் விரைவும் மற்றோரிடத்தில் அசையாமையும் நாற்காலியிடம் கேட்கப்படுகின்றன. மாலதி இவ்விரண்டையும் பயின்றார். 1989-இல் டென்மார்க்கில் நடைபெற்ற உலக மாஸ்டர்ஸ் போட்டியில் 200 மீட்டர் ஓட்டம், குண்டு எறிதல், வட்டு எறிதல், ஈட்டி எறிதல் ஆகிய நான்கிலும் தங்கம் வென்றார்.

இவ்வளவும் சிண்டிகேட் வங்கிப் பணியோடு சேர்ந்தே நிகழ்ந்தது. அர்ஜுனா விருதும் 2001-இல் பத்மஸ்ரீ விருதும் வந்தன. அவர் வென்ற பதக்கங்கள் நானூற்றுக்கும் மேல் என்பர். அவற்றுள் பாராலிம்பிக் பதக்கம் ஒன்றுகூட இல்லை. அப்பதக்கத்தைப் பெற்ற முதல் இந்தியப் பெண் தீபா மாலிக், ஆண்டு 2016. 1988-இல் சியோல் களத்தில் மாலதி போட்டியிட்டதற்கும் அதற்கும் இடையே 28 ஆண்டுகள். 2024-இல் பாரிஸில் இந்தியா 29 பதக்கங்கள் பெற்றபோது, தமிழ்நாட்டின் துளசிமதி முருகேசன், மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் ஆகிய மூவரும் இறகுப்பந்தாட்டத்தில் பதக்கம் வென்றனர். அந்த மேடைக்கு முன்னே பதக்கமின்றித் திரும்பிய பலருடைய பயணங்கள் உள்ளன. வெற்றிப் பட்டியலை மட்டும் வரலாறாகக் கொள்வோர் அவற்றைக் காணார்.

பாராலிம்பிக்கின் தொடக்கமும் மருத்துவமனை வளாகம் ஒன்றில்தான். 1948-இல் இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய நாளில், ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் 16 முன்னாள் படையினரைக் கொண்டு வில்வித்தைப் போட்டி நடத்தினார். 2006-இல் டுரின் குளிர்காலப் போட்டியில் சக்கர நாற்காலிக் கர்லிங் சேர்க்கப்பட்டது. ஃபின்லாந்து போன்ற பனிநாடுகளில் ஆடப்படும் அவ்விளையாட்டில், ஏறத்தாழ 19 கிலோ எடையுள்ள கருங்கல்லைப் பனித்தளத்தில் வழுக்கிச் செல்லவிடுகின்றனர். மற்றக் கர்லிங்கில் கல்லின் முன்னே தேய்த்து அதன் போக்கைத் திருத்தலாம்; இங்குத் தேய்த்தல் கிடையாது. கோலால் கல்லைத் தள்ளும்போது ஆடுபவரின் நாற்காலி பின்வாங்காதபடி, அணியின் மற்றொருவர் பின்னால் வந்து அதைப் பற்றிக்கொள்வார். விதி மனிதருக்கேற்ப மாற்றப்பட்டது. அதனால் ஆட்டத்தின் கடுமை குறையவில்லை, கூடியது.

இங்கோ மனிதரை விட்டுவிட்டுப் பெயரை மாற்றுகிறோம். தமிழில் ‘ஊனமுற்றோர்’ போய் ‘மாற்றுத்திறனாளி’ வந்தது. இந்தியில் 2015-க்குப் பின் ‘திவ்யாங்’ பரவியது. இழிவை நீக்கும் நோக்கம் நன்றே. ஆயினும் புதிய சொற்கள் ஒரு கடமையைச் சுமத்துகின்றன: திறனைக் காட்டவேண்டும், தெய்வீகத்தை மெய்ப்பிக்கவேண்டும். பதக்கம் வெல்லாத, பாடத்தில் சராசரி மதிப்பெண் பெறும், காலை ஒன்பது மணி வகுப்புக்கு வந்துசேர மட்டும் விரும்பும் மாணவிக்கு அச்சொற்களில் இடம் எங்கே? 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடங்களை அணுகத்தக்கனவாக்கக் காலவரையறை தந்தது. அவ்வரையறை கடந்த பின்னும், மாடியில் வகுப்பும் மின்தூக்கியில்லாத நூலகமும் கொண்ட கல்வி நிலையங்கள் நாட்டில் அரியன அல்ல. அவற்றின் கருத்தரங்கக் கூடங்களில் ‘தடைகளைத் தகர்த்தோர்’ என்னும் தலைப்பில் உரைகள் நிகழ்கின்றன. மேடைக்கு ஏற ஐந்து படிகள்.

மாலதி பெங்களூருவில் நிறுவிய மாத்ரு அறக்கட்டளை, உடற்குறையுள்ள ஏழைக் குழந்தைகளுக்கு உறைவிடமும் கல்வியும் மருத்துவமும் தருகிறது. தாம் பட்டதைக் காட்டி அவர்களும் படட்டும் என்று அவர் விடவில்லை. படவேண்டிய பாட்டைக் குறைக்க முற்பட்டார். இவ்வாழ்க்கையிலிருந்து கல்வியுலகம் கற்கத்தக்கது அதுவே.

குப்பத்தின் வழியே நாள்தோறும் இரு திசைகளிலும் வண்டிகள் செல்கின்றன. நடைமேடைக்கும் பெட்டியின் வாயிலுக்கும் இடையிலுள்ள உயரத்தைச் சக்கர நாற்காலியால் தானே ஏற முடியாது, இருவர் தூக்கவேண்டும். தேன் இன்னும் கொம்பில்தான் இருக்கிறது. ஐயூர் முடவனாருக்கு வண்டி கிடைத்தது.